தெர்மாகோல் குடிசை

சொந்த ஊருக்கு ஆராய்ச்சிப் பயணம் போன ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நியூசிலாந்தின் வடக்கே, மாடும் மழையும் தாராளமாக உள்ள ஒரு சிறிய ஊரில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. அந்த நாட்டுப் பழங்குடிகளான மாவோரி மக்களின் வரலாற்றைச் சொல்லாமல் அங்கே இப்போது ஓர் ஆசிரியர் காலம் தள்ள முடியாது. அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் எங்கள் ஆசிரியர் அறையில் ஓயாத சண்டை. சண்டை முற்றிய ஒரு நாள் எங்கள் தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "உன் ஊரிலும் பழங்குடிகள் உண்டு என்றாயே, அங்கே எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாயேன்" என்றார். விடுமுறையும் தந்தார்.

பதில் எனக்கு அப்போதே தெரியும். எங்கள் ஊரில் சொல்லித்தருவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் காலங்காலமாக இருக்கிறார்கள். நாகர்கோவிலில் நான் பள்ளியில் படித்தபோது அசோகரையும் அக்பரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். மலைக்காரர்களைப் பற்றிக் கேட்டால் முழிப்போம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு எங்களைக் கூட்டிப்போன வாத்தியார், "மலையிலேருந்து காணிக்காரங்க ராஜாவுக்குத் தேன் கொண்டுவருவாங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதற்குள் புளிச்சோற்றுப் பொட்டலம் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. எங்கள் பழங்குடி வரலாற்றுக் கல்வி அத்தோடு முடிந்தது.

இதை எழுதிக்கொடுக்க அரைப் பக்கம் போதும். இருந்தும் வாயை மூடிக்கொண்டேன். சம்பளத்தோடு ஊருக்குப் போக விடுமுறை தருகிறார்கள் என்றால் வாயைத் திறப்பவள் இந்தப் பகவதி இல்லை.

வியாழக்கிழமை காலையில் நாகர்கோவில் பஸ் நிலையத்தில் ஸ்டெல்லா எனக்காகக் காத்து நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் பி.எட். வகுப்பில் ஒரே பெஞ்சு. அவள் கடற்கரைக்காரி, மீன்பிடிக் குடும்பம். நான் தோவாளைப் பக்கத்து வயல்காரக் குடும்பம், வீட்டில் மீன் வாசனையே ஆகாது. விடுதியில் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அம்மா கொடுத்தனுப்பிய சாளைக் கருவாட்டை வெளுத்துக்கட்டுவேன். பிறகு ஊருக்குப் போகும் முன் மட்டி வாழைப்பழமாகத் தின்று வாயைச் சுத்தம் செய்துகொள்வேன். என் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

"ஏட்டி, என்னட்டி இப்பிடி வெளுத்துப்போயி வந்திருக்க? அங்க வெயிலே கெடையாதா?" என்று கட்டிக்கொண்டாள். தலை நரைத்திருந்தது. குரல் மட்டும் அந்தப் பழைய குரல், பஸ் நிலையம் முழுவதும் கேட்கும்.

முதல் வேலையாக ரசவடை. பழைய கடை இருந்த இடத்தில் கைபேசிக் கடை வந்துவிட்டது. பக்கத்துச் சந்தில் வேறொரு கடை. ரசத்தில் ஊறிய வடையை வாயில் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷம்! பயிற்சி வகுப்பு எடுத்துவிட்டு, தொண்டை கட்டிப்போய், இரண்டு பேரும் ஒரு தட்டை வைத்துக்கொண்டு பங்கு பிரித்த சாயங்காலங்கள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

"காரமா, கண்ணீரா?" என்றாள் ஸ்டெல்லா.

"நல்லமிளகு கூடிப்போச்சு."

"கூடும், கூடும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒனக்க ஆராய்ச்சி கெடக்கட்டும். எனக்க வகுப்புப் பிள்ள ஒண்ணு பள்ளிக்கூடத்துக்கு வராம இருக்கு. என்னாலதான்" என்றாள்.

ஸ்டெல்லா மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை. அவளுடைய ஒன்பதாம் வகுப்பில் அனிஷா என்று ஒரு காணிக்காரப் பெண். வகுப்பில் அந்த இனத்துப் பிள்ளை அவள் ஒருத்திதான். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையிலிருந்து வள்ளத்தில் வந்து படிக்கிறாள். போன மாதம் பள்ளிகளுக்கிடையே கண்காட்சி நடந்திருக்கிறது. எல்லாப் பள்ளியும் வழக்கம்போல ராக்கெட்டும் எரிமலையும் செய்தார்கள். நம்ம மலைச் சரித்திரத்தை வைப்போம் என்று சொன்னது ஸ்டெல்லாதான். பிள்ளைகள் தெர்மாகோலில் ஒரு காணிக்காரக் குடிசை செய்தார்கள். பக்கத்தில் விளக்கம் சொல்ல, கையில் குச்சியோடு அனிஷாவை நிறுத்தினாள் ஸ்டெல்லா.

"அவளுக்க ஆளுகளப் பத்தி அவளே சொல்லுகது பெருமதானேன்னு நெனச்சேன் பகவதி. நாலு பேரு அறியட்டுமேன்னு. வந்தவனெல்லாம் குடிசையப் பாக்காம அவளப் பாத்தான். நீங்க எலி திம்பியளா, மரத்து மேலயா உறங்குவியன்னு கேள்வி. ஒருத்தி அவ முடியத் தொட்டுப் பாத்தா."

"பொறவு?"

"பொறவு என்ன, மொத பரிசு. மறுநாள்லேருந்து பிள்ள வரல்ல."

தட்டில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது. அனிஷாவின் அம்மா பிந்துவுக்குப் பலமுறை ஃபோன் செய்தும் எடுக்கவில்லையாம். சனிக்கிழமை நேரில் போகப் போகிறேன், நீயும் கூட வா என்றாள். தனியாகப் போகப் பயம் என்று அவள் சொல்லவில்லை, எனக்கே புரிந்தது.

வெள்ளிக்கிழமை அவளோடு பள்ளிக்குப் போனேன். பஸ்ஸில் பி.எட். காலத்துக் கதையைத் தொடங்கினால் முடியுமா? எங்கள் மெதடாலஜி பேராசிரியர் கரும்பலகையில் ஆசியா வரைந்து, அதைப் பிள்ளைகள் பசுமாடு என்று சொன்ன கதையில் இருந்தோம். கண்டக்டர் குனிந்து, "டீச்சரே, இண்ணைக்கு லீவா? ஒங்க ஸ்டாப்பு போயி நேரமாச்சே" என்றார். இறங்கித் திரும்பி நடந்தோம். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். பாலின் புளித்த வாடை. முதல் வேலைக்காக இதே சாலையில் ஒரு தற்காலிகப் பள்ளிக்கு நடந்து போயிருக்கிறேன். அப்போது மூக்கைப் பொத்திக்கொள்வேன். இப்போது நின்று ஆழமாக இழுத்துவிட்டேன். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆசிரியர் அறையில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கும் ஒரு சார் இருந்தார். மலை மக்கள் வரலாற்றை எப்படி எடுக்கிறீர்கள் என்று என் ஆராய்ச்சிக் கேள்வியைக் கேட்டேன்.

"எடுக்கதே இல்ல மேடம். பொஸ்தகத்துல இல்ல, பரீட்சையில வராது. போர்ஷன் முடிக்கவே மூச்சு முட்டுது" என்றார். அதை அவர் வெட்கப்பட்டும் சொல்லவில்லை, பெருமைப்பட்டும் சொல்லவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் வெளியே போய், சோறு கொண்டுவராத பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு சத்துணவு வரிசையில் நிறுத்தினார். நல்ல மனிதர். காணிக்காரப் பிள்ளைகளிடம் இரக்கம் உண்டு, அவர்களுடைய வரலாறு மட்டும் போர்ஷனில் இல்லை.

அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியை என்னைக் கண்டதும் மனம் குளிர்ந்துபோனார். "ஃபாரின் டீச்சர் வந்திருக்கீங்க, திங்கக்கிழம நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு சிறப்புரை தரணும்" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் தலைக்கு மேலே, பீரோவின் மேல், வெற்றிக் கோப்பையும் அதன் பக்கத்தில் அந்தக் குடிசையும் இருந்தன.

அழகாகத்தான் செய்திருந்தார்கள். தெர்மாகோல் சுவரில் மண் நிறம், தென்னங்கீற்றைக் கிழித்துப் போட்ட கூரை, பச்சைச் சாயம் தோய்த்த பஞ்சில் மரங்கள். வாசலில் களிமண் பொம்மைகள், இடுப்பில் இலை, கையில் வில். ஒரு பிள்ளை எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து அந்த இலைகளை வெட்டியிருக்கும் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஸ்டெல்லா பாடம் எடுக்கும்போது கடைசியில் உட்கார்ந்து பார்த்தேன். வகுப்பில் அவள் ராணி. மராட்டியர் படையெடுப்பைச் சொன்னால் டெஸ்குக்கு அடியில் பிள்ளைகளின் கால்கள் குதிரை ஓட்டும். மூன்றாவது பெஞ்சின் ஓரம் காலியாகக் கிடந்தது. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் அந்த இடத்தில் பையைக்கூட வைக்கவில்லை. ஸ்டெல்லாவும் பாடம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

சனிக்கிழமை வள்ளம். நியூசிலாந்தில் ஒரு குளத்தில் படகேறினாலும் மிதவைச் சட்டை மாட்டி, கால் மணி நேரம் பாதுகாப்பு உபதேசம் செய்வார்கள். இங்கே வள்ளக்காரர், "அனங்காம இருந்தா எல்லாரும் கரசேரலாம்" என்றார், அவ்வளவுதான். பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. இந்தத் தண்ணீர்தான் கால்வாய் வழியே இறங்கி எங்கள் தோவாளை வயலுக்கு வந்தது. அப்பா மடையில் நின்று "பேச்சிப்பாற தண்ணி வந்தாச்சு" என்று கத்துவார். வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல அம்மா முகம் மலரும். அந்தத் தண்ணீருக்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை.

நடு அணையில் மோட்டார் இருமி நின்றுவிட்டது. வள்ளக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் துடுப்பை எடுத்தார். அந்த இடைவெளியில் கூட வந்த ஆடு என் துப்பட்டா நுனியைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. எதிரே கோழிக்கூடையோடு இரண்டு பெண்கள் தங்களுக்குள் காணிக்காரப் பேச்சில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஸ்டெல்லாவுக்கு முழுதும் புரிந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து என்னவென்று கேட்டேன்.

"'பிந்துவின் மகளைப் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தியது இந்த டீச்சர்தானே' என்று ஒருத்தி கேட்கிறாள். 'இவள்தான். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை' என்று மற்றவள் சொல்கிறாள்" என்று எழுத்துத் தமிழில், வகுப்பில் உரை சொல்வதுபோல் மொழிபெயர்த்தாள். அழுகை வரும்போது அவள் அப்படித்தான் பேசுவாள், அந்தக் காலத்திலிருந்தே.

அனிஷாவின் வீடு கான்கிரீட் வீடு. ரோஸ் நிறச் சுவர், கூரையில் டி.வி. குடை, முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டுகள், ஓரத்தில் மோட்டார் சைக்கிள். அவள் அம்மா பிந்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை முடிந்து அப்போதுதான் குளித்திருந்தாள். எங்களைக் கண்டு அவள் முகம் மலரவும் இல்லை, சுளிக்கவும் இல்லை.

"இருக்கணும் டீச்சரே. மொதல்ல தின்னுங்க, பின்ன பேசலாம்" என்றாள்.

அவித்த மரச்சீனிக் கிழங்கு, காந்தாரி மிளகாய் நசுக்கிய சம்மந்தித் துவையல், அணை மீன் குழம்பு. நான் இலையை வழித்தேன். எங்கள் நியூசிலாந்துப் பள்ளியிலும் இதுதான் முறை. மாவோரி வரலாற்றில் ஒரு பாடம் எடுக்க வேண்டுமென்றால், முதலில் அந்த ஊர்ப் பெரியவர்களின் கூடத்துக்குப் போய், கூட உட்கார்ந்து சாப்பிட்டு, அப்புறம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேட்க வேண்டும். போர்ஷன் முடித்தே வளர்ந்த எனக்கு ஆரம்பத்தில் அது பெரிய எரிச்சல். இங்கே பிந்து வீட்டில் உட்கார்ந்து தின்னும்போதுதான் அது எவ்வளவு சாதாரணமான காரியம் என்று பட்டது.

ஸ்டெல்லாவுக்குக் கிழங்கு இறங்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் படியில் ஒரு பெண் பிள்ளை எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலை, பச்சைச் சுடிதார். அனிஷா.

சமாதானம் பேச வந்த ஸ்டெல்லா எங்கெங்கோ சுற்றினாள். "எங்க அப்பா கடலுக்குப் போனா, கரை மறைஞ்ச பொறவும் இந்த மலை தெரியும் பிந்து. இந்த மலையும் கோயில் கோபுரமும் ஒரு நேர்கோட்டுல வந்தா அந்த எடத்துக்குக் கீழ மீனு கெடக்குக பாறை உண்டுன்னு கணக்கு. எங்களச் சோறுபோட்டு வளத்ததே இந்த மலைதான்" என்றாள். நிஜமாகவே நெகிழ்ந்து சொன்னாள். எனக்கே புல்லரித்தது.

பிந்து மீன் குழம்புச் சட்டியை மூடினாள். "உங்க அப்பா தெனமும் எங்க மலையப் பாத்தாரு. மலையில ஆளுண்டுன்னு நெனச்சாரா?"

ஸ்டெல்லா இலையைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள். மடையில் நின்ற என் அப்பாவை நினைத்து நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லதுக்குத்தான் செய்தேன் பிந்து."

"எனக்குத் தெரியும். வேற டீச்சர்மாரு எங்களப் பத்தி ஒரு வாக்கும் சொன்னதில்ல. அப்பமெல்லாம் பிள்ள சிரிச்சுட்டே போயிட்டு வந்தா." பிந்துவின் குரல் உயரவில்லை. "அண்ணைக்கு வந்து ஒண்ணும் பறஞ்சில்ல. திரும்பத் திரும்பத் தல குளிச்சா. முடி நாறுதான்னு எங்கிட்ட கேட்டா. பின்னதான் காரியம் அறிஞ்சேன். அந்த மாதிரிக் குடிசையில எனக்க பாட்டா இருந்திருப்பாரு. உங்க பாட்டாவும் அப்பம் ஓலக்குடிசையிலதானே இருந்தாரு? அத ஏன் டீச்சரே செய்து வெக்கல்ல?"

பிந்து படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"அவ படிக்கணும்னுதான் எனக்கு ஆசை. அவ வரமாட்டேங்கா. திங்கக்கிழம வந்து டி.சி. வேண்டப் போறோம். எனக்க அக்கா தக்கலையில தையல்கடை வெச்சிருக்கா. அங்க நின்னு தையல் படிக்கட்டு."

படியில் இருந்த முதுகு அசையவில்லை. நாங்கள் கிளம்பியதும் அனிஷா குடையை எடுத்துக்கொண்டு வள்ளம் நிற்கும் கடவு வரைக்கும் கூட வந்தாள். வள்ளத்தில் ஏறும்போது மட்டும், "டீச்சர், பாத்துக் கால வெய்யுங்க, வழுக்கும்" என்றாள். அதைக் கேட்டதும் ஸ்டெல்லா உடைந்துவிட்டாள். அக்கரை சேரும்வரை முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஊருக்குப் போனோம். பூசை முடிந்து அண்ணன் வீட்டில் நெய்மீன் குழம்பு. அந்த வீட்டில் எனக்கென்று ஒரு கிண்ணம் உண்டு, இன்னும் வைத்திருந்தார்கள். பி.எட். முடித்த கோடையில் ஒரு வாரம் இங்கேதான் கிடந்தேன். கடலில் காலை நனைத்துக்கொண்டு, எப்படிப்பட்ட டீச்சர்களாக இருக்கப் போகிறோம் என்று இரண்டு பேரும் பேசிப் பேசித் தீர்த்தோம். பிள்ளையை அடிக்க மாட்டோம், பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டுத் தூங்க மாட்டோம், நம்ம ஊர் சரித்திரத்தைச் சொல்லித்தருவோம். அந்த ஸ்டெல்லாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். அவள் சொன்னபடியே செய்தவள்.

அன்று அவள் கசந்துபோய் உட்கார்ந்திருந்தாள். "போர்ஷன முடிச்சிட்டு வீட்டுக்குப் போறவனுக்கு ஒரு குத்தமும் இல்ல. மெனக்கெட்டுச் செய்த நான்தான் குத்தவாளி. இனி நான் பொஸ்தகத்த விட்டு ஒரு வரி வெளிய போவமாட்டேன், பாத்துக்க" என்றாள். எங்கள் நியூசிலாந்துப் பள்ளியிலும் இந்தப் பிழைகளைச் செய்துதான், முதலில் போய்க் கேட்கும் அந்த முறையெல்லாம் வந்தது என்றேன். அது அவளுக்கு எட்டவில்லை.

வெளியே மணலில் அவளுடைய மைனி, அண்ணன் மனைவி, வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் நின்று கைபேசியை உயர்த்தினார்கள். மைனி நிமிர, அந்தப் பெண், "அப்படியே குனிஞ்சு போடுங்கக்கா, சிரிங்க" என்றாள். மைனியும் சிரித்தாள்.

ஸ்டெல்லா ஒரே ஓட்டமாகப் போனாள். "என்னத்த எடுக்கிய? அவகிட்ட கேட்டியளா? உங்க வீட்டு அடுக்களையில வந்து நான் இப்பிடி எடுக்கட்டுமா?"

அந்தக் கணவன் பதறிப்போனார். "தப்பா நினைக்காதீங்க மேடம். நல்லதுக்குத்தான். இந்த வாழ்க்கை நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னு..."

ஸ்டெல்லா அடுத்த வார்த்தைக்குத் திறந்த வாயோடு நின்றாள். "விடு ஸ்டெல்லா, அவிய போட்டும்" என்றாள் மைனி. ஸ்டெல்லா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் கோலமெல்லாம் போட்டிருந்தார்கள். கரும்பலகையில் கலர் சாக்பீஸில் "வெளிநாட்டு ஆசிரியையின் சிறப்புரை". நான் பட்டுச்சேலை கட்டிப் போயிருந்தேன். ஸ்டெல்லா தலைமை ஆசிரியையிடம் கேட்டு, பீரோ மேலிருந்த குடிசையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். தூசி தட்டினாள்.

"பகவதி டீச்சர் பொறவு பேசுவாவ. அதுக்கு முன்ன ஒரு பாடம்" என்றாள். "கண்காட்சியில இதுக்குப் பக்கத்துல அனிஷா நின்னா. இண்ணைக்கு நான் நிக்கேன். நான் பொறந்தது இத மாதிரி ஓலக்குடிசையிலதான், கடக்கரையில. எங்க ஆளுகளப் பத்தி நீங்க என்னெல்லாம் கேள்விப்பட்டியளோ எல்லாம் கேளுங்க. அடிக்கமாட்டேன், திட்டமாட்டேன்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், நீங்க எத்தன சோப்பு போட்டுக் குளிச்சாலும் மீன் நாத்தம் போவாதாமே?"

பெரிய சிரிப்பு. ஸ்டெல்லாவின் காது சிவந்தது. "போவும். ஆனா பஸ்ஸுல எனக்க அம்மா பக்கத்துல யாரும் இருக்கமாட்டாவ. அம்மா எப்பமும் நின்னுட்டேதான் வருவா. அடுத்த கேள்வி."

"உங்க ஆளுகளுக்குக் கோவம் வந்தா ஒடனே கத்தி எடுப்பாவளாமே?"

"எங்க அப்பா கோவம் வந்தா சாப்பிடாம படுத்துக்கிடுவாரு. அடுத்தது."

"ஒங்க பாஷ எங்களுக்கு ஏன் சண்ட போடுக மாதிரி கேக்குது?"

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. சிரிப்பு மட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்தது. முன் பெஞ்சில் ஒரு பெண் "போதும்ல" என்று பின்னால் திரும்பிப் பல்லைக் கடித்தாள். எனக்கு எழுந்து போய் ஸ்டெல்லாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் போலிருந்தது. அவளை இப்படி நிற்கவைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் குச்சியைக் கையில் பிடித்தபடி, அசையாமல், கேட்டவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள்.

பிள்ளைகளின் தலைகள் ஒவ்வொன்றாக வாசல் பக்கம் திரும்பின. டி.சி. வாங்க வந்த பிந்துவும் அனிஷாவும் தலைமை ஆசிரியையோடு வராந்தாவில் நின்றார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியாது. அனிஷா அதே பச்சைச் சுடிதாரில் இருந்தாள், சீருடை இல்லை. அவளும் கையைத் தூக்கினாள், வகுப்பில் கேள்வி கேட்பதற்குத் தூக்குவதுபோல.

"கேளு மக்ளே" என்றாள் ஸ்டெல்லா.

"அண்ணைக்கு நான் அங்க நின்னப்போ நீங்க எங்க நின்னிய டீச்சர்?"

ஸ்டெல்லா குச்சியைக் கீழே இறக்கினாள்.

"ஒனக்கு நேர முன்னால நின்னேன். போட்டோ எடுத்துட்டிருந்தேன். சிரிக்கச் சொன்னேன்."

"நான் சிரிச்சேனா?"

"சிரிச்ச மக்ளே. நான் சொன்னேன்னு சிரிச்ச." குச்சியை மேசையில் வைத்தாள். "ஒங்கிட்டயும் கேக்கல்ல, ஒங்க அம்மகிட்டயும் கேக்கல்ல. நான் செய்தது தப்பு."

டீச்சர் ஒருவர் பிள்ளையிடம் இப்படிச் சொல்லி அந்தப் பள்ளியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தலைமை ஆசிரியை சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். அனிஷா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண் தன் புத்தகத்தை நடுவில் தள்ளி வைத்தாள்.

தலைமை ஆசிரியை பிந்துவிடம், "அப்போ டி.சி. எழுதணுமா, வேண்டாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து, "டீச்சரே, நாலரைக்குக் கடைசி வள்ளம். பிள்ளைய நேரத்தோட விட்டுரணும்" என்றாள்.